துணி யானையும் புது மாப்பிள்ளையும்

ஒரு துணி யானை செத்ததற்காக நான் அழுதிருக்கிறேன். கண் கலங்கியது என்று நாகரிகமாகச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் பக்கத்திலிருந்த நண்பன் தன் லேஞ்சியை எடுத்து நீட்டியதும், நான் அதில் மூக்குச் சிந்தியதும் நடந்த விஷயங்கள். லேஞ்சியை அவன் திருப்பிக் கேட்கவில்லை.

யானை என்றால் உள்ளே இரண்டு ஆள்கள். முன்காலுக்கு ஒருவர், பின்காலுக்கு ஒருவர். அவர்கள் இருவருக்கும் படம் தொடங்குவதற்கு முன்பே ஏதோ மனஸ்தாபம் இருந்திருக்க வேண்டும். முன்னவர் வலப்பக்கம் திரும்பினால், பின்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பினார். எசமானைக் கொன்ற வில்லனைப் பழிவாங்கிவிட்டு யானை சாகிற கட்டத்தில், முன்பக்கம் முதலில் செத்தது. பின்பக்கம் இன்னும் சற்று நேரம் நின்று நிலைமையைப் பார்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் அதுவும் செத்தது. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்படி அழுத இந்த மனிதர்தான் அதே வாரம், தான் தலைவராக இருக்கிற வாசகர் வட்டத்தில், பிறமொழிக் கலைப்படங்களில் மௌனத்தின் இடம் என்ற தலைப்பில் நீளமாகப் பேசியவர். அந்த மௌனப் படங்களில் பாதியை நான் நித்திரையில் கடந்தேன் என்பதை அங்கே சொல்லவில்லை. கைதட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அதே படங்களை அதே முறையில்தான் பார்த்திருப்பார்கள் போலும்.

எங்கள் கல்முனைக்கு மேற்கே வயல் வைத்திருப்பவர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேளாண்மை விளைந்து நிற்கும்போது அது வந்து போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். என் நண்பன் வயலில் காவலுக்குப் போட்ட வாடியையே ஒரு யானை ஒருமுறை சாய்த்துப் போட்டிருக்கிறது. அப்படிப்பட்டவன் துணி யானை வருகிற படத்தைத் தேடிப் பிடித்து எனக்குக் காட்டினான் என்றால், அவனையும் என்னையும் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

நண்பன் சாய்ந்தமருதில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அவனோடு படம் பார்ப்பது பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. அவனுக்குக் கதை கண்ணில் படாது. பொருட்கள்தான் படும். கதாநாயகனைச் சிறையில் அடைத்தால் நாம் ஐயோ என்போம். அவன், “கம்பியப் பாரு மச்சான், வயர் ஓட்டிற பைப். கறுப்பு பெயின்ற் அடிச்சிரிக்கான். குழந்தைப் புள்ளயே முறிச்சிட்டுப் போகும்” என்பான். அதன் பிறகு அந்தச் சிறையில் யார் எத்தனை வருடம் வாடினாலும் எனக்கு ஒன்றும் செய்யாது.

யானை செத்த அன்றும் அப்படித்தான்.

“தும்பிக்கையப் பாத்தியா? வொஷிங் மெஷின்ல தண்ணி போற குழாய்.”

“அழுதுகிட்டு இரிக்கன்டா. கொஞ்சம் சும்மா இரி.”

“அழு. வேணாம் எண்டா சொன்ன? குழாயையும் பாத்துக்கிட்டு அழு.”

இதைவிடப் பெரிய கொடுமை, முடிவு வருவதற்குச் சற்று முன் அவன் நித்திரையாகிவிடுவான். நித்திரையானது குற்றமில்லை. எழும்பியபின், தான் பார்க்காத முடிவைப் பற்றி என்னோடு வாதாடுவான். கொலை செய்யப்பட்ட சட்டத்தரணி ஒருவர் பேயாக வந்து தன்னுடைய கொலை வழக்கில் தானே ஆஜராகிற படம் ஒன்று உண்டு. நீதிபதி பேயைக் கண்டும் கலங்காமல் வழக்கை ஒத்திவைப்பார். அந்த வழக்கில் பேய் வென்றது. நான் முழித்திருந்து பார்த்தவன். பேய் தோற்றுவிட்டது என்று அவன் கடையிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்துத் தகராறு செய்தான். வாடிக்கையாளர் யாரோ இரண்டங்குல ஆணி கேட்கிற சத்தம் பின்னால் கேட்கிறது. இவன், “சாட்சி இல்லாம எப்படிடா வெல்லும்?” என்று கத்துகிறான். “அதுதானேடா சாட்சி, செத்த ஆளே அதுதானே!” என்று நான் அலுவலகத்தில் கத்துகிறேன். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். மரணச் சான்றிதழ் எடுக்க வந்திருந்த ஒருவர் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். நல்ல படம் பார்த்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ‘நல்ல படம்’ என்று சொல்லிவிட்டு எழும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மோசமான படம் அப்படி விட்டுவிடாது. அது பாதியில் நிற்கிறது, வழி தெரியாமல் தவிக்கிறது, நம்முடைய உதவியை எதிர்பார்க்கிறது. நானும் நண்பனும் ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் திருத்திக் கட்டுவோம். பேய்க்கு ஒரு கனிஷ்ட சட்டத்தரணி வைத்துக் கொடுப்போம். யானையின் பின்காலுக்குத் தனியாக ஒரு காதல் கதை எழுதுவோம். வயது வந்த இரண்டு மனிதர்கள், இருவருக்கும் சீனி வருத்தம், உட்கார்ந்து செய்கிற வேலை இது.

இதற்கெல்லாம் இடம் அவனுடைய வீட்டு முன் ஹோல்தான். அவன் வீடு என்று சொன்னேன். அங்கேதான் பிரச்சினை.

எங்கள் ஊர்களில் ஆண்பிள்ளைக்கென்று வீடு கிடையாது. பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். உழைத்து அந்த வீட்டைப் பெருப்பித்து, மாபிள் பதித்து முடிக்கிற நேரம் மகளுக்குக் கல்யாணம் வரும். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்வளவில் ஒரு சின்ன இடத்துக்கு ஒதுங்குகிறான். முன்வாசலால் இன்னொரு வீட்டுப் பிள்ளை மாப்பிள்ளையாக உள்ளே வருகிறான். அவனுக்கும் ஒருநாள் இதுதான் நடக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

நண்பனுக்கும் நடந்தது. மகளுடைய கல்யாணம் சிறப்பாக முடிந்தது. அவனும் மனைவியும் குசினிக்குப் பின்னால் இரண்டு அறைக்குப் போனார்கள். பெரிய டிவி ஹோலிலேயே தங்கிவிட்டது. தன் கடையில் இருந்த மிகப் பெரிய போல்டைப் போட்டு அவனே சுவரில் இறுக்கியது அது. கழற்றினால் சுவரும் சேர்ந்து வரும். தவிர, வீட்டோடு கொடுத்ததைக் கழற்றிக்கொண்டு போனால் சம்பந்தி வீட்டார் என்ன கதைப்பார்கள்?

மருமகன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழும்பியவர்களை நடக்கப் பழக்குகிற வேலை. மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், சிரிப்பதற்கு முன்னும் கொஞ்சம் யோசிப்பார். அவர் வந்த நாளிலிருந்து அந்த வீடு வாய் மூடிக்கொண்டது. மாமியார் வழக்கப்படி அவர் முன்னால் வருவதில்லை. நண்பன் கிசுகிசுக் குரலில் பேசப் பழகினான். கடையில் பத்துப் பேருக்குக் கேட்கும்படி கத்துகிற தொண்டை அது. ஹோலைக் கடந்தால் மருமகனைக் காண நேரும், கண்டால் அவர் எழுந்து நிற்பார், அவர் எழுந்தால் இவன் சங்கடப்படுவான். ஆகவே தான் கட்டிய வீட்டைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடியால் போய் வந்தான்.

“ஒரு நாளைக்குக் கேட்டுப் பாரேன்டா. படம் பாக்கிறதில என்ன?” என்றேன்.

“உனக்கு விளங்காது மச்சான். என்ட மகள்ட வாழ்க்கை. ‘உன்ட வாப்பா பேயோட சேந்து கத்திற மனிசன்’ எண்டு மருமகன் ஒரு சொல்லுச் சொன்னா, அதை அவள் காலம் முழுக்கக் கேக்கணும். என்னப் பத்தி அவர் என்ன நினைக்கார் எண்டு இன்னும் எனக்குத் தெரியா. முகத்தில ஒண்டும் தெரியுதில்ல. எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது.”

சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அதனால் என்னாலும் சிரிக்க முடியவில்லை.

மாற்று இடம் தேடினோம். அவன் கடைக் களஞ்சியத்தில் சீமெந்துப் பைகளின் மேல் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். கைத்தொலைபேசியில் துணி யானை பூனை அளவில் இருந்தது. நான் தும்மத் தொடங்கி, படம் முடியும்வரை தும்மினேன். நடுவே ஒருவர் எட்டிப் பார்த்து, “காக்கா, முக்கால் இஞ்சி பைப் எல்போ இரிக்கா?” என்று கேட்டார். நண்பன் கண்ணை எடுக்காமல், “இந்தா, இப்ப வில்லன் சாகப் போறான், பொறுங்க” என்றான். அவர் அடுத்த கடைக்குப் போனார்.

என் வீட்டிலும் முயன்றோம். என் வீடு என்பதும் மேலே சொன்ன விதிப்படி என் மனைவியின் வீடு. அவள் வாசலில் நின்று பேய்ப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமைக் குத்பாவில மௌலவி என்ன சொன்னார் எண்டு கேட்டா முழிக்கீங்க. இந்த லோயர் பேய் என்ன சொன்ன எண்டு கேட்டா வரி வரியாச் சொல்லுவீங்க” என்றாள். பிறகு நண்பனைப் பார்த்து, “நீங்களுமா?” என்றாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டான்.

கடைசியில் வழியைத் திறந்தது நண்பனின் மனைவி. மகளும் மருமகனும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மருமகனுடைய உம்மா வீட்டில் பகல் சாப்பாட்டுக்குப் போவார்கள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத்தான் திரும்புவார்கள். அதுவரை ஹோல் சும்மா கிடக்கிறது. “பாத்துத் தொலைங்க. கதிரையெல்லாம் இரிந்த மாதிரியே இரிக்கணும்” என்றாள் அவள்.

ஜும்ஆவுக்கும் அஸருக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தை நாங்கள் களவாடினோம். சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அசைந்தால் சத்தம் போடும் என்று அசையாமல் இருந்தோம். யூடியூபில்தான் படம். பழைய படங்களை ஏற்றுகிற புண்ணியவான்கள் யார் என்று தெரியவில்லை. படத்தின் ஓரங்களை வெட்டி, நடுவில் தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு, ஆள்களின் தலையைக் காணாமலாக்கி ஏற்றுகிறார்கள். சரியாக யானைக்கு உயிர் போகிற இடத்தில் பால்மா விளம்பரம் வருகிறது. கொழுத்த பிள்ளை ஒன்று குவளையோடு துள்ளுகிறது. அது முடியும்வரை யானை சாகாமல் காத்திருக்க வேண்டும்.

நாங்கள் பிடிபட்டது அப்படி ஒரு வெள்ளியில்.

துணி யானைப் படத்தை மீண்டும் போட்டிருந்தோம். யானை விழும்போது பின்பக்கத்து ஆள் முழங்காலை மடித்தது பிழை என்று நண்பன் ஒரு கட்சி. அவன் சொல்கிறபடி மடித்தால் முன்னவருடைய முதுகில் இடிக்கும் என்று நான் மறு கட்சி. கதைத்துத் தீரவில்லை. செய்துதான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எந்த மனநிலையில் அப்படி ஆனது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைச் சோற்று மயக்கமாக இருக்கலாம். நான் குனிந்து முன்கால் ஆனேன். வலக் கையைத் தொங்கவிட்டுத் தும்பிக்கை ஆக்கினேன். நண்பன் பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்தான். “இப்ப மெல்லமாச் சாவு,” என்றான். நான் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு, பிளிறியபடி, மெல்லமாகச் சாகத் தொடங்கினேன்.

முன்கதவு திறந்திருந்தது. அதில் மருமகன் நின்றார். தன் உம்மாவுக்குக் காய்ச்சல், மனைவியை அங்கே துணைக்கு விட்டுவிட்டு, மருந்து எடுக்க வந்திருக்கிறார். இது பிறகு தெரிந்தது.

நண்பன் நிமிர்ந்துவிட்டான். கடை வியாபாரிக்குரிய வேகம் அது. ஆனால் என் இடுப்பை விடவில்லை. விட்டிருந்தால் நான் முகம் குப்புற விழுந்திருப்பேன். ஆகவே மருமகன் கண்டது இதுதான்: மாமா நேராக, கம்பீரமாக நிற்கிறார். அவர் கையில், குனிந்து, கையை ஆட்டி, ஊளையிடுகிற ஒரு மனிதர்.

“ஒண்டுமில்ல மகன்,” என்றான் நண்பன். “இவருக்கு... கொஞ்சம்...”

அவ்வளவுதான் சொன்னான். முதுகு வலி என்று முடிப்பான் என நான் நினைத்தேன். முடிக்கவில்லை.

மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு விரைந்து வந்து என் மறுபக்கத்து முழங்கையைப் பிடித்தார். இருவருமாக என்னைச் சோபாவில் இருத்தினார்கள். பிளாஸ்டிக் உறை கிறீச்சென்றது.

“இரிங்க மாமா,” என்றார் மருமகன் நண்பனிடம்.

“நீங்க இரிங்க மகன்.”

“இல்ல, நீங்க முதல்ல இரிங்க.”

மாமா நிற்கும்போது மருமகன் இருக்க மாட்டார். மருமகனுடைய வீட்டில் மருமகன் நிற்கும்போது மாமா எப்படி இருப்பது? இரண்டு பேரும் நின்றுகொண்டேயிருந்தார்கள். ரிமோட் எங்கேயோ சோபா இடுக்கில் விழுந்திருந்தது. யாரும் தேடத் துணியவில்லை. படம் ஓடியது. யானை செத்துக்கொண்டிருந்தது. பால்மா விளம்பரம் வந்து போனது. மறுபடி யானை செத்தது. நான் மட்டும் இருந்து பார்க்க, இருவரும் என் இருபக்கமும் காவல் நிற்பதுபோல நின்று பார்த்தார்கள்.

நண்பனின் முகத்தைப் பார்த்தேன். வெளிறியிருந்தது. மகளுடைய வாழ்க்கை, மருமகனின் ஒரு சொல் எல்லாம் அதில் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருந்தன்மை வந்தது. எனக்குப் பெருந்தன்மை வருவது அரிது. வந்தால் அளவு தெரியாது.

“மகன், இதுக்கெல்லாம் நான்தான் காரணம்,” என்றேன். “உங்கட மாமாவுக்கு இந்தப் படத்தில விருப்பமே இல்ல. ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் வந்து கரைச்சல் குடுக்கிற. யானை பாக்கணும், யானை பாக்கணும் எண்டு நிண்டா அவர் என்ன செய்ற, பாவம்.”

நண்பன் மறுத்துச் சொல்வான் என்று ஒரு இடைவெளி விட்டேன். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மருமகன் என் முன்னால் முழந்தாளிட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்டார்: “சேர், அந்த யானை உண்மையான யானை எண்டு நினைக்கீங்களா?”

இதுவரை எந்த வாசகர் வட்டத்திலும் யாரும் என்னிடம் இவ்வளவு ஆழமான கேள்வி கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“உண்மை எண்டா என்ன மகன்? பாக்கிற ஆள் நம்பினா அது உண்மைதானே. நான் நம்பிறன். அந்த யானை சாகக்குள்ள அழுதும் இரிக்கன். முக்கியமா பின்பக்கம் சாகக்குள்ள.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். எவ்வளவு கவனமாகக் கேட்கிற பிள்ளை என்று வியந்தேன்.

புறப்படும்போது படியில் என் முழங்கையைப் பிடித்து இறக்கினார். “பைக்கிலயா வந்தீங்க? தனியவா?” என்று கேட்டார். “வீட்ட ஆக்கள் இரிக்காங்களா?” என்றும் கேட்டார். நான் கல்முனை பிரதான வீதியில் போகும்போது திரும்பிப் பார்த்தால், அவர் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறார். எங்கள் ஒழுங்கை முகப்புவரை வந்து, நான் உள்ளே திரும்பியதும் கையசைத்துவிட்டுப் போனார். வீட்டில் மனைவியிடம், “இந்தக் காலத்தில இப்பிடி மரியாதை தெரிஞ்ச புள்ளயக் காண ஏலா” என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த வாரம் இன்னும் ஆச்சரியம். மருமகனே சொல்லி அனுப்பியிருந்தார்: ஒளித்துப் பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொரு வெள்ளியும் ஹோலில் தாராளமாக இருந்து பாருங்கள், தாங்களும் இனி அஸருக்குப் பிறகு ஆறுதலாகத்தான் வருவோம் என்று. போனபோது சோபாவின் பிளாஸ்டிக் உறை கழற்றப்பட்டிருந்தது. தட்டில் பெட்டிஸும் ரோல்ஸும் இருந்தன. நண்பனுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர். எனக்கு இரண்டு பக்கமும் பிடியுள்ள பிளாஸ்டிக் கோப்பையில், ஆறவைத்து.

நண்பன் அன்று முன்வாசலால் வந்தான். கிணற்றடியால் அல்ல. கதிரையில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, பழைய குரலில் கத்தினான். கல்யாணத்துக்குப் பிறகு அவனை அப்படி நான் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மருமகன் புறப்படும் முன் எட்டிப் பார்த்தபோது, இவன் என் கையைத் தட்டிக் கொடுத்து, “ஒண்டும் யோசிக்காத, நான் இரிக்கன்” என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லையே.

மருமகன் என்னிடம் வந்து, “இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியுமா மாமா?” என்று கேட்டார். சேர் போய் மாமா ஆகிவிட்டேன். பிள்ளை நெருங்கி வருகிறது, நாமும் பகிடியாகப் பேச வேண்டும் என்று நினைத்து, “யானைக் கிழமை!” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நண்பனுடைய தோளை ஆதரவாக ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து நண்பனின் கடைக்குப் போனேன். அவன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். நிறுப்பதை நிறுத்தாமல், என் முகத்தைப் பாராமல் சொன்னான்.

“மகள் ஒரு கதை சொன்னாள் மச்சான். மருமகன் அவளுக்கிட்டச் சொல்லியிரிக்கார். ‘உங்கட வாப்பா மாதிரி ஒரு மனிசனக் காண ஏலா. சுகமில்லாத கூட்டாளிய ஒவ்வொரு வெள்ளியும் கூட்டி வந்து, பக்கத்தில இரிந்து, அவருக்குப் புடிச்ச யானையக் காட்டிறார். வேற ஆளெண்டா எப்பவோ கைவிட்டிரிப்பாங்க. எனக்கு இப்பிடி ஒரு மாமா கிடைச்சது பாக்கியம்’ எண்டு.”

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு பிளாஸ்டிக் கோப்பை விளங்கியது. முழங்கை, மோட்டார் சைக்கிள், கிழமை எல்லாம் வரிசையாக விளங்கின.

“நீ என்னடா சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல.”

“ஒண்டும்?”

“என்ன சொல்லச் சொல்றா? மருமகன் என்னப் பத்தி வாயத் திறந்து சொன்ன முதல் வார்த்தை. மகள் சிரிச்ச முகத்தோட வந்து சொல்றாள். அதில மண்ணப் போடச் சொல்றியா?”

“அப்ப நான் பைத்தியமாடா?”

“வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு மணித்தியாலம்தானே மச்சான்,” என்றான். ஆணியைக் கடதாசியில் சுற்றினான். “மத்த நேரமெல்லாம் நீ உன்ட பாட்டில இரி.”

நான் ஏச வேண்டிய அளவுக்கு ஏசினேன். நாற்பது வருடக் கூட்டாளி, ஒரு வார்த்தையில் என்னை நோயாளியாக்கி விற்றுவிட்டான். வாசகர் வட்டத்துத் தலைவரின் மூளைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. மருமகன் ஆஸ்பத்திரியில் யாரிடமாவது சொல்லியிருந்தால் என்ன ஆவது? நண்பன் ஆணிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். முடிவில், “சரி, உண்மையச் சொல்லிடறன். அவர் வாறதுக்கு முன்னால நானும் யானைட பின்பக்கமாத்தான் நிண்ட எண்டு சொல்லிடறன். பொறகு கிணத்தடியால போய் வாறன்” என்றான். மிரட்டவில்லை. உண்மையாகவே சொல்லிவிடுவான் போல இருந்தது அவன் முகம்.

“சொல்லித் தொலைக்காத,” என்றேன்.

அந்த வெள்ளி போனேன். ஆறிய தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். ஒரு புதுப் படம் கிடைத்திருந்தது. ஆழ்கடலில் இருந்து வருகிற ராட்சத நண்டு, கொழும்பு அளவிலான ஒரு நகரத்தை அழிக்கிறது. நகரம் அட்டைப் பெட்டிகள். நண்டின் கால் கொங்கிறீட்டுக்குள் போடுகிற கம்பி என்றான் நண்பன். அதை மறுத்தேன். அவன் முடிவுக்கு முன் நித்திரையாகி, எழும்பி, நண்டு தப்பித்துவிட்டது என்று அடம்பிடித்தான். நான் கத்தினேன். மருமகன் வந்துவிட்டால் என்ன நினைப்பார் என்ற பயமே இல்லாமல் நான் கத்த முடிகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அது ஒரு வசதிதான், ஒப்புக்கொள்ள மனமில்லாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். யானையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பைவரை. என் மானம் எப்படிப் பறிபோனது என்பதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். ஆத்திரப்படுவாள், நண்பனின் மனைவிக்குத் தொலைபேசி எடுப்பாள், தன் புருஷனுக்காக நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“அந்தப் பொடியன் கெட்டிக்காரன்தான்,” என்றாள். “அவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமையில விளங்கிட்டு. எனக்கு நம்மட மூத்தவன் பொறந்த பொறகுதான் விளங்கின.”